உதயகிரிக் கோட்டையும் ஊர் வாய்மொழியும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் செல்லும் நெடுஞ்சாலையில், தக்கலையை அடைவதற்குச் சற்று முன்னர், புலியூர்க்குறிச்சி என்னும் ஊர் உள்ளது. அவ்வூரில் சாலையை ஒட்டி, தனித்து நிற்கும் ஒரு குன்றைச் சுற்றிக் கருங்கல் மதில் ஒன்று எழுந்து நிற்கிறது. மதில் வளைத்துள்ள நிலம் ஏறத்தாழ 90 ஏக்கர். நடுவில் உள்ள குன்றின் உயரம் சுமார் 260 அடி. மதிலின் உயரம் சராசரியாக 18 அடி. அகலமோ 15 அடி. இதுவே உதயகிரிக் கோட்டை. பழைய திருவிதாங்கூர் அரசின் தலைமைப் படைத்தளமாக விளங்கிய இடம் இது.

ஒரு படைத்தளத்தின் வரலாற்றைப் பேசும்போது, அங்கே எத்தனைப் போர்கள் நிகழ்ந்தன என்று கேட்பது வழக்கம். உதயகிரியிடம் அக்கேள்வியைக் கேட்டால் கிடைக்கும் விடை மிகச் சிறியது. இதன் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் பெரும் முற்றுகை எதுவும் இல்லை. ஆனால் யார் யார் இங்குக் கொண்டுவரப்பட்டனர் என்று கேட்டால், இக்கோட்டை நெடுங்கதை சொல்லும். கடற்கரையில் பிடிபட்ட அயல்நாட்டான், கல் சுமந்த கூலியாள், வடக்கே சிறைப்பட்ட படைவீரர் எனப் பலரும் பிறர் ஏவலால் இம்மதிலுக்குள் வந்தவர்கள். அவர்களைப் பற்றி ஏடு ஒன்று சொல்கிறது. கல் ஒன்று சொல்கிறது. ஊர் வாய் ஒன்று சொல்கிறது. இம்மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதே இவ்வுரையின் நோக்கம்.

அரணும் நிலமும்

தமிழ்க் கவிஞனுக்குக் கோட்டை புதிய பொருளன்று. தொல்காப்பியம் மதிலை முற்றுதலையும் காத்தலையும் உழிஞைத் திணையில் அடக்கிற்று. பின்வந்த புறப்பொருள் வெண்பாமாலை, காப்போரின் செயலை நொச்சி எனத் தனித்திணையாக்கிற்று. வள்ளுவர் அரணுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்து, தெளிந்த நீரும் வெளிநிலமும் மலையும் அடர்ந்த காடும் சேர்ந்ததே அரண் என இலக்கணம் கூறினார். அவ்வதிகாரத்தின் இறுதிக் குறள் மற்றொரு செய்தியையும் எச்சரிக்கையாகச் சொல்லி முடிகிறது: எத்தனை மாட்சி உடையதாயினும், செயல்மாட்சி இல்லாதவரிடத்தில் அரண் அரணாகாது. இக்குறள் இவ்வுரையின் பிற்பகுதியில் மீண்டும் தேவைப்படும்.

வள்ளுவர் சொன்ன இலக்கணத்தில் பெரும்பகுதி உதயகிரிக்குப் பொருந்துகிறது. வடக்கே வேளிமலைத் தொடர், அருகில் வள்ளியாற்றின் நீர், நடுவில் காவற்குன்று, சுற்றிலும் வயல் வெளி. ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தொலைவில், அன்றைய தலைநகரான பத்மநாபபுரம். ஆகவே தலைநகரைக் காக்கும் படை தங்குவதற்கு இதனினும் ஏற்ற இடம் அமைவது அரிது.

நாஞ்சில் நாட்டின் அமைப்பையும் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும். கிழக்கிலிருந்து வரும் படை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகவே நுழைய வேண்டும். தெற்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வரும் ஆபத்து கடல்வழியே வரும். புறநானூற்றுப் புலவர் பாடிய நாஞ்சில் வள்ளுவன் காலந்தொட்டு, வளமான வயல்களுக்காகவும் இக்கணவாய்க்காகவும் இந்நிலம் பலரால் விரும்பப்பட்டது. மதுரை நாயக்கர் படை பலமுறை வந்தது. அவ்வாறு வந்த ஒரு படையெடுப்பில்தான் 17ஆம் நூற்றாண்டில் நாகர்கோவிலை அடுத்த கணியாகுளத்தில் இரவிக்குட்டிப் பிள்ளை வீழ்ந்தார். எனவே கணவாயில் ஒரு காவல் வரிசை, கடலோரத்தில் வட்டக்கோட்டை, உள்நாட்டில் உதயகிரி என்ற அமைப்பு நிலத்தின் தேவையிலிருந்தே பிறந்தது.

உதயகிரியில் முன்னரே ஒரு பழைய கோட்டை இருந்தது. இன்று காணும் கருங்கல் மதில், 1729 முதல் 1758 வரை ஆண்ட மார்த்தாண்ட வர்மரின் காலத்தில் எழுந்தது. அதை எழுப்பும் பணியை மேற்பார்த்தவர், அதே அரசரிடம் போரில் தோற்றுச் சிறைப்பட்டவர் என்பதே இக்கோட்டை வரலாற்றின் முதல் வியப்பு.

குளச்சலில் பிடிபட்டவர்

மிளகு வாணிகத்தில் தன் பிடி தளர்வதைக் கண்ட டச்சுக் கிழக்கிந்திய நிறுவனம், 1741ஆம் ஆண்டு குளச்சலில் படையை இறக்கியது. அவ்வாண்டு ஆகஸ்டில் அப்படை மார்த்தாண்ட வர்மரிடம் தோற்றது. தோற்றோருள் யூஸ்டாக்கியஸ் பெனடிக்டஸ் டிலனாய் என்பவரும் ஒருவர். ஆசிய அரசொன்று ஐரோப்பிய வல்லரசு ஒன்றின் படையை வென்று, அதன் வீரர்களைச் சிறைகொண்ட நிகழ்ச்சி என்பதால் குளச்சல் போருக்கு உலக வரலாற்றில் தனியிடம் உண்டு. டச்சு நிறுவனம் 1753ஆம் ஆண்டு மாவேலிக்கரை உடன்படிக்கையில் ஒப்பமிட்டது. கேரளக் கரையின் அரசியலில் அதன் செல்வாக்கு அதன்பின் நிமிரவே இல்லை.

குளச்சல் கடற்கரை மக்களிடம் இப்போரைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. அரசரின் படை சிறிதாக இருந்ததாம். மீனவர்கள் தங்கள் துடுப்புகளைத் தோளில் துப்பாக்கிபோல் ஏந்தி வரிசையாக நின்றனராம். பனந்தடிகளை வண்டிகளில் ஏற்றிப் பீரங்கிபோலக் காட்டினராம். தொலைவிலிருந்து பார்த்த டச்சுக்காரர் பெரும்படை திரண்டு நிற்பதாகக் கருதி அஞ்சினராம்.

இவ்வழக்கின் மெய்ம்மையை ஆவணம் கொண்டு நிறுவ முயல்வோர் முயலட்டும். இலக்கிய மாணவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. அரசவை ஏடுகள் இவ்வெற்றியை அரசருக்கும் குலதெய்வத்துக்கும் உரியதாக்கின. குளச்சலில் வெற்றித்தூண் நிறுவப்பட்டது. திருவிதாங்கூர்ப் படையின் மரபுரிமை பெற்ற மதராஸ் படைப்பிரிவின் ஒன்பதாம் படையணி இன்றும் அப்போரைத் தன் பெருமையாகப் போற்றுகிறது. இவை எல்லாவற்றிற்கும் இடையில், கடற்கரையில் வலை இழுத்தவர்கள் தங்கள் பங்கைக் குறித்து வைக்க ஏடும் இல்லை, தூணும் இல்லை. துடுப்பு ஒன்றே அவர்கள் கையில் இருந்தது. அத்துடுப்பையே கதையாக்கி வைத்தனர். நாங்களும் அங்கே நின்றோம் என்பதே அக்கதையின் உட்பொருள்.

படைத்தலைவரின் கோட்டை

சிறைப்பட்ட டிலனாயின் திறமையை அறிந்த மார்த்தாண்ட வர்மர், அவரைத் தம் படைக்குப் பயிற்சியளிக்கும் பணியில் அமர்த்தினார். காலப்போக்கில் அவர் திருவிதாங்கூர்ப் படையின் தலைவரானார். மக்கள் அவரை வலிய கப்பித்தான் என அழைத்தனர். உதயகிரியும் டிலனாய் கோட்டை என்றே வழங்கலாயிற்று. பிடித்தவரின் பெயர் நிற்க, பிடிபட்டவரின் பெயரால் கோட்டை அழைக்கப்பட்ட விந்தை இது.

கோட்டைக்குள் பீரங்கி வார்க்கும் உலைக்கூடம் அமைந்தது. துப்பாக்கிகளும் குண்டுகளும் இங்கே உருவாயின. அதுவரை வாளும் வேலும் வில்லும் பெரிதும் நம்பிய படை, வரிசையாக நின்று சுடும் ஐரோப்பிய முறையைக் கற்றது. காயங்குளம் தொடங்கிக் கொச்சியின் எல்லை வரையுள்ள சிற்றரசுகள் ஒவ்வொன்றாக வீழ்ந்ததற்கு இப்பயிற்சியும் இவ்வுலையும் பெருங்காரணங்கள். 1750ஆம் ஆண்டு சனவரி 3ஆம் நாள் மார்த்தாண்ட வர்மர் தம் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணித்துத் திருப்படிதானம் செய்தார். அன்று திருவடியில் வைக்கப்பட்ட நாட்டின் பரப்பில் ஒரு பகுதி உதயகிரி உலையில் உருகிய உலோகத்தால் அளக்கப்பட்டது எனலாம்.

டிலனாய் தலைநகரில் தங்காமல் கோட்டைக்குள் வாழ்ந்ததற்கும் ஊர்மக்கள் ஒரு காரணம் கூறுவர். அவர் கடல்கடந்து வந்தவர், வேற்றுச் சமயத்தவர். ஆகவே அரண்மனையிலும் கோயில் சூழ்ந்த தலைநகரிலும் அவருக்கு இடமில்லாமற் போயிற்று என்பர். கோட்டைக்குள்ளேயே அவருக்கு வழிபாட்டிடம் ஒன்று அமைந்தது. நாட்டின் படை முழுவதும் அவர் கையில் இருந்தது. தலைநகரின் தெரு மட்டும் அவருக்கு எட்டவில்லை என்ற முரணை இவ்வழக்கு எளிதாகச் சொல்லிவிடுகிறது. அக்காலச் சாதி ஒழுங்கின் இறுக்கத்தைப் பக்கம் பக்கமாக விளக்குவதைவிட இது கூர்மையானது.

நட்டாலத்து நீலகண்டன்

இக்கோட்டையோடு பிணைந்த மற்றொரு வாழ்க்கை நீலகண்டப் பிள்ளையுடையது. 1712ஆம் ஆண்டு நட்டாலத்தில் பிறந்தவர், அரண்மனை அலுவலர். தம் வீட்டில் அடுத்தடுத்து நேர்ந்த இழப்புகளால் மனமுடைந்திருந்த அவருக்கு, டிலனாய் விவிலியத்தின் யோபுவின் வரலாற்றைக் கூறினார் என்பது மரபாக வரும் செய்தி. 1745ஆம் ஆண்டு வடக்கன்குளத்தில் அவர் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். பின்னர்க் கைது செய்யப்பட்டு, ஊர் ஊராக இழுத்துச் செல்லப்பட்டு, 1752ஆம் ஆண்டு சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியை அடுத்த காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது. தண்டனையின் காரணம் குறித்து வரலாற்றாசிரியரிடையே மாறுபட்ட கருத்துகள் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை 2012ஆம் ஆண்டு அவருக்கு அருளாளர் நிலையையும், 2022ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் புனிதர் நிலையையும் வழங்கிற்று.

அவர் வரலாற்றில் புலியூர்க்குறிச்சிக்குத் தனியிடம் உண்டு. காவலர் இழுத்துச் செல்லும்போது, நீர் வேட்கை தாளாமல் அவர் ஒரு பாறையில் கையால் இடித்தார் என்றும், அங்கே நீர் சுரந்தது என்றும் மக்கள் நம்புகின்றனர். முட்டிடிச்சான் பாறை என்பது அவ்விடத்தின் பெயர். காற்றாடிமலையில் அவர் உயிர் பிரிந்தபோது ஒரு பாறை மணிபோல் ஒலித்தது என்பதும் வழக்கு. அதற்கு மணியடிச்சான் பாறை என்று பெயர்.

இப்பெயர்களில் உள்ள தமிழைக் கவிஞர்கள் கூர்ந்து கேட்க வேண்டும். முட்டிடிச்சான், மணியடிச்சான் என்பவை புலவர் ஆக்கிய சொற்கள் அல்ல. வினையையே பெயராக்கி, அதைப் பாறையின்மேல் ஏற்றி, இருநூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்து வந்திருக்கிறது ஊர். தொல்காப்பியர் நடுகல்லுக்குக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு நிலை கூறுவார். இங்கே கல்லைத் தேடவும் இல்லை, நடவும் இல்லை. இயற்கையாகக் கிடந்த பாறையே ஒரு பெயரால் நடுகல்லாயிற்று.

ஒரே கோட்டையைச் சுற்றிய இவ்விரு வாழ்க்கைகளையும் சேர்த்து எண்ணும்போது எழும் வினா எளிதில் அடங்குவதன்று. சிறைப்பட்டு வந்தவர் படைத்தலைவரானார். அரண்மனையில் பணிபுரிந்தவர் சிறைப்பட்டு மாண்டார். ஆணையிட்ட அரசர் ஒருவரே. நண்பரின் மறைவுக்குப் பின்னும் டிலனாய் இருபத்தைந்து ஆண்டுகள் அதே அரசுக்குப் பணிபுரிந்தார். அக்கால் நூற்றாண்டில் அவர் உள்ளத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை ஆவணம் சொல்வதில்லை. நல்ல கவிதை நுழைய வேண்டிய இடம் இதுவே; தீர்ப்புரைக்கும் கவிதைக்கு இங்கே வேலையில்லை.

நகராத பீரங்கி

கோட்டையைப் பற்றிய வழக்குகளில் பரவலானது பீரங்கிக் கதை. உதயகிரி உலையில் வார்க்கப்பட்ட பித்தளைப் பீரங்கி ஒன்று 16 அடி நீளம் உடையதாக இருந்தது என்றும், ஆயிரம் ஆட்களும் பதினாறு யானைகளும் சேர்ந்து இழுத்தும் அதைச் சில கசம் தொலைவுகூட நகர்த்த இயலவில்லை என்றும் 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளிலேயே இக்கதை இடம்பெற்றுவிட்டது.

படைத்தொழில் நோக்கில் பார்த்தால் இது புகழ்ச்சியாகாது. நகர்த்த முடியாத பீரங்கியால் பயன் என்ன? ஆயினும் ஊர் அதைப் பெருமையாகவே சொல்லி வந்தது. இக்கதையில் யானைகளுக்கு எண் உண்டு. பீரங்கிக்கு அளவு உண்டு. ஆட்களுக்கும் எண் உண்டு. பெயர்தான் இல்லை. அந்த ஆயிரவர் யார் என்ற கேள்வியே கதைக்குள் ஒளிந்திருக்கும் கேள்வி.

பதினைந்து அடி அகலத்தில் ஒரு குன்றையே சுற்றி வளைக்கும் மதிலுக்குக் கல் உடைத்தவர், சுமந்தவர், ஏற்றியவர் எத்தனைப் பேராக இருந்திருப்பர்! திருவிதாங்கூரில் அரசுப் பணிக்குக் கூலியின்றி ஆள் பிடிக்கும் ஊழிய முறை நெடுங்காலம் நிலவியது. தாழ்த்தப்பட்ட சாதியினரை நிலத்தோடு சேர்த்து விற்கும் அடிமை முறை 1855ஆம் ஆண்டு அரச அறிவிப்பால்தான் ஒழிந்தது. மதில் எழுந்த காலமோ அதற்கு நூறாண்டுக்கும் முற்பட்டது. இம்மதிலின் கருங்கல் ஒவ்வொன்றையும் அந்தச் சமூக ஒழுங்கின் நடுவில் வைத்தே பார்க்க வேண்டும். நாட்டின் பெருமையைப் பாடும் கவிஞன் கல்லின் கனத்தையும் அறிந்திருக்க வேண்டும். அக்கனம் யார் தோளில் இருந்தது என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

கல்லறையின் மொழி

டிலனாய் 1777ஆம் ஆண்டு சூன் முதல் நாள் மறைந்தார். கோட்டைக்குள் இருந்த வழிபாட்டிடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இன்று அக்கட்டடம் கூரையின்றி நிற்கிறது. கல்லறையின்மீது இலத்தீன் மொழியிலும் தமிழிலும் எழுத்துகள் பொறிக்கப்பட்டுள்ளன. இலத்தீன் வாசகம் அவர் ஏறத்தாழ முப்பத்தேழு ஆண்டுகள் அரசருக்கு உண்மையாகப் பணிபுரிந்ததையும், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள நாடுகளைப் படைவலியால் அடக்கியதையும், அறுபத்திரண்டு ஆண்டும் ஐந்து திங்களும் வாழ்ந்ததையும் கூறுகிறது. வென்ற நாடுகளைச் சொல்லும் அக்கல், இம்மண்ணுக்குச் சிறைப்பட்டவராய் வந்ததைப் பெரிதாக எடுத்துரைக்கவில்லை. மெய்க்கீர்த்திகளில் பழகிய தமிழ் மாணவருக்கு இது புதிதாகத் தோன்றாது. சோழர் மெய்க்கீர்த்தியும் தோல்வியைச் சொல்வதில்லை.

அருகிலேயே அவர் மனைவியின் கல்லறையும் மகனின் கல்லறையும் உள்ளன. மகன் யோவான் 1765ஆம் ஆண்டு களக்காட்டில் நடந்த போரில் இறந்தான். இருபது வயதை ஒட்டிய இளைஞன். திருவிதாங்கூரும் ஆர்க்காட்டு நவாபின் தரப்பும் நெடுநாள் உரிமை கொண்டாடிய பகுதி களக்காடு. தந்தை ஓர் அரசின் கைதியாக இறங்கிய மண்ணுக்காக, இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் மகன் உயிர்விட்டான். படைத்தலைவரின் வெற்றிப் பட்டியலைவிட இக்குறுங்கல்லறை நெஞ்சை அதிகம் தொடுகிறது. மகனைக் களத்தில் இழந்த தாயர் புறநானூற்றில் பலர் உளர். அவர்களுடைய மொழியை அறியாத ஒரு தாயின் கல்லறையும் அதே துயரோடு இங்கே கிடக்கிறது.

தளர்ந்த அரண்

டிலனாய் வடக்கு எல்லையில் எழுப்பிய நெடுங்கோட்டையை 1789ஆம் ஆண்டு திசம்பரில் திப்பு சுல்தானின் படை தாக்கியது. அக்காலத்தில் சிறைப்பட்ட திப்புவின் வீரர் சிலர் உதயகிரியில் அடைத்து வைக்கப்பட்டனர். சிறைக்கைதி ஒருவரால் எழுந்த கோட்டை, அவர் மறைந்தபின் மீண்டும் சிறையாயிற்று. மைசூர் மண்ணிலிருந்து வந்த அவ்வீரர்கள் உதயகிரிக் குன்றிலிருந்து வேளிமலையைப் பார்த்தபோது எந்த ஊரை எண்ணினார்கள் என்பதை எந்த வில்லுப்பாட்டும் பாடவில்லை.

1795ஆம் ஆண்டு தலைநகர் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்துக்கு மாறியது. காக்க வேண்டிய நகர் விலகியதும் காக்கும் கோட்டையின் பொருளும் குறைந்தது. 1809ஆம் ஆண்டு சனவரியில், தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி தளவாய் குண்டறையில் ஆங்கிலேயர்க்கு எதிராக அறைகூவல் விடுத்தார். பிப்ரவரியில் செயின்ட் லீகர் தலைமையில் கும்பெனிப் படை ஆரல்வாய்மொழிக் காவலை உடைத்து நுழைந்தது. நாகர்கோவில் பகுதி வீழ்ந்த சில நாட்களில், உதயகிரியும் பத்மநாபபுரமும் எதிர்ப்பின்றிக் கும்பெனியின் கைக்குச் சென்றன. மார்ச்சில் வேலுத்தம்பி மண்ணடியில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார்.

பதினைந்து அடி அகல மதில், பீரங்கி வார்த்த உலை, ஆயிரம் பேர் அசைக்க இயலாத பீரங்கி என எல்லாம் இருந்தும், தேவைப்பட்ட நாளில் அரண் அரணாகவில்லை. முன்னர்ச் சுட்டிய குறள் இங்கே முழுப்பொருள் பெறுகிறது. கிழக்குக் கணவாய் போனபின் உள்நாட்டுக் கோட்டை தனித்து நிற்கவியலாது என்பது படைத்துறை விளக்கம். அரசும் தளவாயும் ஒருமனமாய் நில்லாத நாட்டில் கல் மட்டும் நின்று என்ன செய்யும் என்பது வள்ளுவரின் விளக்கம். இரண்டும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல. அதன்பின் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஆங்கிலேயப் படைப்பிரிவுகள் இங்கே தங்கியிருந்தன. அவர்களும் சென்றபின் கோட்டை காட்டின் வசமாயிற்று.

இன்றைய நிலை

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்தது. பத்மநாபபுரம் அரண்மனை கேரள அரசின் பொறுப்பில் தொடர்கிறது. உதயகிரிக் கோட்டை தமிழக வனத்துறையின் பல்லுயிர்ப் பூங்காவாக உள்ளது. இணைந்தே வாழ்ந்த அரண்மனையும் படைத்தளமும் இன்று இரண்டு மாநில அரசுகளின் பொறுப்பில் இருக்கின்றன. இவ்விரண்டையும் இணைக்கும் சுரங்கப்பாதை ஒன்று உண்டு என்று மட்டும் ஊர் இன்றும் சொல்கிறது. எல்லைக் கோடு மேலே பிரித்ததை வாய்மொழி மண்ணுக்கடியில் சேர்த்து வைத்திருக்கிறது போலும்.

பூங்காவாக இருப்பதால் மரங்கள் பிழைத்தன, பறவைகள் வந்தன. இது நன்றே. ஆயினும் மானையும் மயிலையும் கண்டு திரும்பும் குழந்தைக்கு, அங்கே கிடக்கும் கல்லறை யாருடையது என்று சொல்லும் வாய் குறைந்து வருகிறது. முட்டிடிச்சான் பாறையின் கதையை ஒரு சமயத்தார் மட்டும் சொல்கின்றனர். குளச்சல் வெற்றியை வேறு சிலர் மட்டும் கொண்டாடுகின்றனர். வேலுத்தம்பியை ஒரு சாராரும், டிலனாயை மற்றொரு சாராரும் தத்தமக்குரியவராக்கிக் கொள்கின்றனர். ஒரு கோட்டையின் கதை பல துண்டுகளாக உடைகிறது. துண்டான கதையிலிருந்து பெருமை மட்டுமே மிஞ்சும், துயரம் உதிர்ந்துவிடும்.

கவிஞர்க்குரிய பணி

நாஞ்சில் நாட்டு வில்லிசை மரபு இதற்கு மாற்றுவழி காட்டியிருக்கிறது. கோயில் கொடைகளில் பாடப்படும் வரலாற்றுக் கதைகளை நோக்கினால், அவை வென்றவனைவிட வீழ்ந்தவனையே பெரிதும் பாடுவது தெரியும். கணியாகுளத்தில் வீழ்ந்த இரவிக்குட்டிப் பிள்ளைக்குக் கதைப்பாடல் உண்டு. மார்த்தாண்ட வர்மரோடு அரசுரிமைக்குப் போராடி மாண்ட தம்பிமார்க்கும் கதைப்பாடல் உண்டு. அரசரின் ஆட்சிக்குள் வாழ்ந்துகொண்டே, அரசரால் வீழ்த்தப்பட்டவர்களுக்காகவும் மக்கள் விடிய விடியப் பாடினர்; கண்ணீர் விட்டனர். வெற்றிக்குத் தூண் போதும், தோல்விக்குப் பாட்டு வேண்டும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். வீழ்ந்தவன் நம் கட்சியா, எதிர்க்கட்சியா என்று வில்லடிப்பவர் கேட்டதில்லை.

இம்மரபில் வந்தவர்கள் இவ்வட்டத்தின் கவிஞர்கள். நாஞ்சில் நாட்டின் மருமக்கள் வழிக் குடும்பத் துயரைப் பாடிய கவிமணி, கல்வெட்டு ஆராய்ச்சியிலும் ஈடுபட்டு, காந்தளூர்ச் சாலை குறித்து எழுதியவர் என்பதை இங்கே நினைவுகூர்தல் பொருத்தம். கவிதையும் வரலாற்று ஆய்வும் ஒரே கையில் இருக்கலாம் என்பதற்குத் தேரூர் தந்த சான்று அவர். கல்லைப் படித்த கண்ணே வீட்டின் கண்ணீரையும் படித்தது.

உதயகிரியைப் பாட விரும்புவோர் மூன்று செய்திகளை மனத்தில் கொள்ளலாம். முதலாவது, ஆவணம் சொல்வதையும் வாய்மொழி சொல்வதையும் கலந்து குழப்பாமல், ஒவ்வொன்றையும் அதனதன் பெயரால் சொல்லுதல். சுரங்கம் உண்டு என்று பாடுவதினும், சுரங்கம் உண்டென ஊர் சொல்கிறது என்று பாடுவதில் கவிதை குறைந்துவிடாது. இரண்டாவது, ஒரு வழக்கை மறுக்கும் முன் அதைச் சொல்வோர் யார் என்று கேட்டல். துடுப்பேந்திய மீனவரின் கதையைச் சொன்னவர் மீனவரே என்பது அக்கதையின் உயிர். மூன்றாவது, எண்ணாக மட்டும் நிற்பவர்க்கு முகம் தேடுதல். பீரங்கி இழுத்த ஆயிரவரும், மதிலுக்குக் கல் சுமந்தவரும், மைசூரிலிருந்து வந்த கைதிகளும் இன்னும் பாடப்படவில்லை.

இதற்கு நூலகம் மட்டும் போதாது. புலியூர்க்குறிச்சியிலும் தக்கலையிலும் குளச்சலிலும் நட்டாலத்திலும் இக்கதைகளைச் சொல்லும் முதியோர் உளர். இடப்பெயர், பாறைப்பெயர், குளப்பெயர், வீட்டுப்பெயர் ஆகியவற்றை அவர்கள் வாயாலேயே கேட்டு எழுதி வைக்க வேண்டும். சொல்பவரின் சொல் மாறாமல், அவ்வூர் வழக்கிலேயே எழுத வேண்டும். முட்டிடிச்சான் என்பதை முட்டியிடித்தான் எனத் திருத்தி எழுதினால் பாறை ஊமையாகிவிடும். பத்தாண்டுகள் கூடிக் கவிதை வாசித்த ஒரு வட்டத்துக்கு, அடுத்த பத்தாண்டில் இப்பணி இயலாததன்று. திங்களுக்கு ஒரு முதியவர், ஒரு கதை என்றாலும் நூற்றிருபது கதைகள் சேரும்.

கருங்கல் மதில் காலத்தைத் தாங்கும். சொல்பவர் மறைந்தால் கதை மறையும். உதயகிரியில் இன்று காவல் வேண்டி நிற்பது கதையே. அக்காவலை ஏற்கும் தகுதி இவ்வவைக்கு உண்டு.